ஏறியும் இறங்காதவர்

கணினித் திரையில் ஒரு வரிகூட வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேனே, அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

கம்பத்திலிருந்து காலையில் ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு அட்டை எண் உண்டு. ஜீப் ஓட்டுநர்கள் அந்த எண்களைக் கைபேசியில் பதிவார்கள். ஏறியவர்களுக்கு ஓர் அட்டவணை, இறங்கியவர்களுக்கு ஓர் அட்டவணை. ‘ஏறியவர்களில், இறங்கியவர் பட்டியலில் இல்லாத எண்களைக் கொடு’ என்று இரண்டையும் ஒப்பிடும் குவெரியை, அதாவது கணினியிடம் கேட்கும் கேள்வியை, எழுதியது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பெண்களை வேலைக்கு அழைத்துப்போகும் கங்காணி அக்காவுக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. முகம் பார்த்துத்தான் எண்ணுவார். அன்று வீரபாண்டித் திருவிழா நேரம். முதல் ஜீப்பில் வந்தவர்கள் அவசர அவசரமாக வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். கடைசி ஜீப்பில் வந்த அக்கா, கோம்பை ஊர்ப் பெண்ணைத் தேடிக்கொண்டு, ஜீப் நிற்குமிடத்தில் இருக்கும் என் அறைக்குள் நேராக நுழைந்தார்.

“ஆத்தா, கோம்பைக்காரி எங்கன? மொத ஜீப்புல வந்திருப்பான்னு நெனச்சேன். அதுல வந்தவளுகளும் பாக்கலங்குறாளுக.”

“எல்லாரும் எறங்கிட்டாகக்கா. ஏறுனது நாப்பத்திரண்டு, எறங்குனதும் நாப்பத்திரண்டு.”

“ஓம் பெட்டி சொன்னா ஆச்சா? நான் அவ மூஞ்சியப் பாக்கலயே!”

எரிச்சலோடு இறங்கியவர் பட்டியலைத் திறந்தேன். நடுவே ஒரு வரியில் எண்ணே இல்லை. முதல் ஜீப் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டால், அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்:

“திருவிழாவுக்கு மேலருந்து ஒரு அம்மா வந்தாகக்கா. அட்டை இல்ல. அதுக்காக விருந்தாளியக் கணக்குல சேக்காம விடலாமா? நம்பர் இல்லாமப் போட்டுவிட்டேன்.”

கணினியைப் பொறுத்தவரை, எண் இல்லாத அந்த ஆள் கோம்பைக்காரியாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அதனால் எவரையும் ‘இறங்கவில்லை’ என்று அடித்துச் சொல்ல முடியாமல் கணினி வாயை மூடிக்கொண்டது. தெரியாமல் அது சும்மா இருந்ததை, எல்லாரும் வந்தாயிற்று என்று நான் எடுத்துக்கொண்டேன். விருந்தாளியின் தலையால் எண்ணிக்கையும் சரியாகிவிட்டது. என்ன புத்திசாலித்தனம் என்னுடையது! வெற்று வரிகளை ஒதுக்கச் சொல்லிக் குவெரியை மாற்றி ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. கோம்பைக்காரியின் எண்.

அக்கா தான் வந்த ஜீப்பையே திருப்பிக்கொண்டு மலையேறினார். ஓடைச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் பிசகி, நடக்கவும் முடியாமல், கைபேசியில் சிக்னலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவரை இருட்டுமுன் கூட்டிவந்துவிட்டார். வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தாராம், பிடித்த கையை மட்டும் விடவில்லையாம்.

இப்போதெல்லாம் எந்தக் குவெரி எழுதினாலும் முதலில் வெற்று வரி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அக்கா இன்னமும் முகம் பார்த்தே எண்ணுகிறார். இரண்டும் இருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அன்று அவர்கள் மலையிறங்கி வந்தபோது கோம்பைக்காரியின் கணவர் வண்டியோடு வந்து நின்றார். ஆனால் அக்கா கோம்பைக்காரியை அதில் ஏறவிடவில்லை. என் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“ஆத்தா, ஓம் பெட்டியில இவள எறக்கிட்டியா?”

எண்ணைப் பதிந்தேன். “எறக்கிட்டேன்க்கா.”

“அப்பச் சரி. ஏ புள்ள, இப்ப வீட்டுக்குப் போ.”