தமிழ் தெரிந்த துரை

காப்டன் ஹாலம் பட்டாளத்தை விட்டுக் கல்கத்தா போலீஸில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. மதராஸ் சிப்பாய்களோடு பதினாறு வருஷம் பாலம் கட்டி, பாதை போட்டு, பர்மாக் காட்டுக் காய்ச்சலில் அவர்களோடு கிடந்து எழுந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆறே வருஷத்தில் துணைக் கமிஷனர் ஆனார். சுதேசிக் கிளர்ச்சி ஊரைக் கொதிக்க வைத்த காலம் அது. அவர் கடைத்தெருவில் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். கிளப்பில் மற்ற வெள்ளைக்காரர்களும் அவரைத் தங்கள் மேஜைக்குக் கூப்பிடுவதில்லை.

ஒட்டிப் பழகியது அவருடைய சுருக்கெழுத்துக் குமாஸ்தா மஹாதேவன் ஒருவர்தான். தஞ்சாவூர்க்காரர், பவானிபூரில் குடித்தனம். சிப்பாய்களிடம் கற்ற கரடுமுரடான தமிழில் ஹாலம், "இன்னாய்யா, துன்னியா?" என்பார். மஹாதேவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆச்சு துரை" என்பார். தினம் பத்து நிமிஷம் அந்தப் பேச்சு. அதற்காகவே ஹாலம் காலையில் சீக்கிரம் வந்துவிடுவார்.

1909-ல் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மஹாதேவன் வீட்டில் தடை செய்த துண்டுப் பிரசுரங்கள் இருக்கின்றனவாம். சோதனைக்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். தான் போனால் மரியாதையாக முடியும் என்று எண்ணி ஹாலமே போனார்.

கான்ஸ்டபிள்கள் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஒருவன் பூட்ஸ் காலோடு பூஜை அறைக்குள் நுழைந்தான். ஹாலம் தடுப்பதற்குள் சாளக்கிராமம் தரையில் உருண்டது.

சுவரோரம் நின்றிருந்த மஹாதேவனின் மனைவி அனந்தலக்ஷ்மி கணவரைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்க துரை நல்லவர், நல்லவர்னு தினம் சொல்வேளே. இவர்தானா அது?"

துரைக்குத் தமிழ் புரியும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். மஹாதேவன் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் எதுவும் அகப்படவில்லை. மறுநாள் காலை ஹாலம், "நேத்து நடந்தது தப்புய்யா, மஹாதேவா. மன்னிச்சுக்கோ" என்றார்.

மஹாதேவன் எழுந்து நின்றார். "யெஸ், சார்" என்றார். எழுதிக்கொள்ளக் கடிதம் சொல்கிறீர்களா என்று அடுத்துக் கேட்டதும் ஆங்கிலத்தில்தான்.

அதன் பிறகு மூன்று வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். கடுமையாக ஒரு வார்த்தை கிடையாது. தமிழில் ஒரு வார்த்தை கிடையாது.

ஓய்வு பெற்றபோது பதக்கம் கொடுத்தார்கள். சீமையில் போய்ச் சேர ஆளில்லாததால் ஹாலம் பாலிகஞ்சில் ஒரு சின்ன வீடு பிடித்துத் தங்கினார். நாலாம் வருஷம் மழைக்காலத்தில் கபம் கட்டி இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மஹாதேவன் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் பவானிபூர் டிராமில் ஏறினார்.