ஒரு முந்திரிக்கொட்டை காத்து நின்ற கதை

பல் டாக்டர் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி கூவியது. "சைக்கிள் வருது, இடது பக்கம் பாத்து, கிளட்ச்சை விடாதீங்க" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே, பக்கத்து இருக்கையில் இருந்த அவள், வந்திருந்த குரல் செய்தியைக் காதில் வைத்துக் கேட்டாள். கேட்டவள் "செத்தான்டா!" என்று ஒரு கூச்சல் போட்டாள். பாவம் பல் டாக்டர், யார் மேலேயோ ஏற்றிவிட்டோம் என்று நினைத்துக் காலுக்குக் கிடைத்ததை எல்லாம் மிதித்தார். கார் குலுங்கி நடுத்தெருவில் நின்றது.

"யாரு மேடம்? யாரு செத்தது?"

"இரும்புவாலன், டாக்டர்! எங்க சம்பந்தியம்மா கொன்னுட்டாங்க!"

பல் டாக்டர் அந்த வாரம் முழுக்க வகுப்புக்கு வரவில்லை.

அவளுக்கு வேலை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அந்தக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்வதற்கு முன்பே அவள் கால் அதை அழுத்திவிடும், கால் அழுத்துவதற்கு முன்பே வாய் கத்திவிடும். சாலையில் இது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டில்தான் தலைவலி. கணவர் உப்புப் போடக் கையை நீட்டினால் "போதும்" என்பாள், அவர் இன்னும் போட்டிருக்கவே மாட்டார். யாராவது ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவை இவள் சொல்லிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் முந்திரிக்கொட்டை. பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

இந்த வாய்தான் மகள் கல்யாணத்தில் சும்மா இருக்கவில்லை. மேடையில் இரண்டு குடும்பமும் படத்துக்கு நிற்கிறது. மாப்பிள்ளையின் அம்மா, மருந்துக் கடை நடத்துகிறவர், பேச்சே மெதுவாக வரும், நிதானமான மனுஷி. இவள் எட்டிப் பார்த்து, ஊரே கேட்கும்படி, "சம்பந்தி, வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டு நிமிர்ந்து நில்லுங்க, படம் நல்லா வரும்" என்றாள். சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். மண்டபம் சிரித்தது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை, ஆனால் சொன்னபடியே இழுத்துக்கொண்டு நின்றார். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் "சாப்பிட்டாச்சா", "உடம்பு எப்படி இருக்கு" என்ற இரண்டு கேள்விகள்தான் போய்வந்தன. பதிலைக்கூட யாரும் முழுசாகக் கேட்டதில்லை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தல்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதையும் ஏடாகூடமாகக் கேட்டு வைத்துவிடுவோமோ என்று பயம்.

அப்போதுதான் மகள் ஒரு நாள் போனில், "அம்மா, அத்தை வீடியோ கேம் ஆடுறாங்கம்மா! இவரு பழைய மெஷினை அங்க விட்டுட்டு வந்தாரில்ல, அதுல தீவு தீவா படகு ஓட்டிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு நேரே மகன் அறைக்குப் போனாள். மகன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவனுடைய மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. துணியை உருவினாள். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கணவர் கேட்டதற்கு, "சம்பந்தி அப்படி என்னதான் பண்றாங்கன்னு பாக்க வேண்டாமா?" என்றாள்.

பார்த்தவள் மாட்டிக்கொண்டாள். ஆட்டம் என்றால் அரைமணி நேரத்தில் முடிகிற ஆட்டம் இல்லை, மாதக்கணக்கில் இழுக்கிற ஆட்டம். ஒரு படகுக்காரி. கடலுக்கு நடுவே அணைந்துபோன கலங்கரை விளக்கை மறுபடி ஏற்ற அவள் ஏழு தீவுகளைக் கடக்க வேண்டும். துணைக்கு ஒரு கொல்லன், ஒரு மூலிகைக்காரி, மூட்டை சுமக்க ஒரு ஆடு. வழியெல்லாம் சண்டை, புதையல், பூட்டிய கதவு, பேசினால் மட்டும் வழிவிடுகிற ஆட்கள். பத்து நாளில் அவள் மூன்றாவது தீவில் இருந்தாள்.

சம்பந்தியம்மாவிடமிருந்து முதல் போன் வந்தது அந்தச் சமயத்தில்தான். "சாப்பிட்டாச்சா" கூடக் கேட்கவில்லை.

"சம்பந்தி, நீங்களும் ஆடுறீங்களாமே, மருமக சொன்னா. அந்தத் தொங்குபாலத்துல ஒருத்தன் நிக்கிறானே, அவன் விடவே மாட்டேங்குறான். என்ன கொடுத்தாலும் வேண்டாங்குறான்."

"அவனுக்கு எதுவும் கொடுக்காதீங்க! அவன்கிட்ட ஏதாவது கேளுங்க. கேட்டா சந்தோஷப்பட்டு விட்டுடுவான்!"

அந்தப் பக்கம் பட்டன் தட்டும் சத்தம். பிறகு அந்த நிதானமான மனுஷியிடமிருந்து, "ஐயோ விட்டுட்டான்! விட்டுட்டான்!" என்று ஒரு கூவல். அவளுக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து சம்பந்தியம்மாவை அவள் சந்தோஷப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து தினமும் போன். தீவை மறித்து நிற்கும் இரும்புவாலன் என்ற அரக்கனின் வாலில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் துருப்பிடித்து உதிரும் என்பது சம்பந்தியம்மாவின் கண்டுபிடிப்பு. கொல்லனுக்குக் கவசம் வாங்குவது தண்டம், அவன் எப்படியும் கழற்றி வைத்துவிடுவான் என்பது இவளுடையது. சந்தையில் காய் பொறுக்கிக்கொண்டே, "விஷத்தை முதல்ல தடவுங்க, அப்புறம் குத்துங்க" என்று இவள் போனில் சொல்ல, காய்க்காரர் எடைக்கல்லைக் கீழே போட்டார். பிள்ளைகளுக்கே ஆச்சரியம், எலியும் பூனையுமாக இருந்தவர்கள் எப்படி இப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? நான்காவது தீவில் ஒரு நாள் இவள் முந்திக்கொண்டாள். "சம்பந்தி, புயல்ல நம்ம ஆடு அடிச்சுக்கிட்டுப் போயிடும். அதனால மூட்டையை எல்லாம் இப்பவே இறக்கிப் படகுல வெச்சுடுங்க, இல்லேன்னா அத்தனையும் போயிடும்." உபயோகமான யோசனைதான். ஆனால் மறுமுனையில், "ஓ, அப்படியா" என்று மட்டும் வந்தது. போன் வைக்கப்பட்டது. மறுநாள் போன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆறாவது தீவில் ஆடு திரும்பி வந்துவிடும், அதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போச்சு, எல்லாம் போச்சு. கல்யாணத்துல பண்ணின அதே வேலையைப் பண்ணிட்டேன்."

"ஆடுதானே போச்சு," என்றார் கணவர்.

"ஆடா போச்சு? மனுஷியே போயிட்டாங்க! சும்மா இருங்க நீங்க."

நாலைந்து நாள் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல, சம்பந்தியம்மாவின் போன் வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள்: இனிமேல் சம்பந்திக்கு ஒரு அடி பின்னால்தான். போனில் சம்பந்தியம்மா எந்தத் தீவு என்கிறாரோ அதற்குக் கொஞ்சம் பின்னாடி இருப்பதாகத்தான் சொல்வாள். தெரிந்த வழியைத் தெரியாததுபோலக் கேட்பாள். "ஓஹோ, அந்தக் கிணத்துக்குள்ள சாவி இருக்கா? எனக்குத் தோணவே இல்லையே சம்பந்தி!" என்பாள். அந்தச் சாவியை அவள் போன மாதமே எடுத்துக் கதவையும் திறந்திருந்தாள். இப்படி நடிப்பது அவளைப்போன்ற பிறவிக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். தும்மலை அடக்குவதுபோல இருந்தது அவளுக்கு.

ஏனென்றால் அவள் உண்மையில் ஏழாவது தீவை எப்போதோ தொட்டுவிட்டாள். கலங்கரை விளக்கின் அடியில் ஒரு கல் கதவு. உள்ளே போனால் கடைசிச் சண்டை. ஜெயித்தால் விளக்கு எரியும், ஆட்டம் முடியும். அந்தக் கதவுக்கு வெளியே அவளுடைய படகுக்காரி வாரக்கணக்கில் நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தியம்மாவோ ஐந்தாவது தீவில் மூலிகை பறித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். போன் போட்டால், "எனக்கு என்ன அவசரம், மெதுவா வர்றேன். நீங்க எங்க இருக்கீங்க?" என்பார். "உங்களுக்குப் பின்னாடிதான், உங்களுக்குப் பின்னாடிதான்" என்பாள் இவள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

பொழுது போகாமல் கதவுக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்த மீன்காரனுக்கு மீன் பிடித்துக் கொடுத்தாள். கடலில் இருக்கிற அத்தனை வகை மீனையும் பிடித்துக் கொடுத்தால் அவன் ஆட்டுக் கழுத்தில் ஒரு வெண்கல மணி கட்டிவிடுவான். இவள் ஆட்டுக்கும் கட்டிவிட்டான். பிறகு செய்ய ஒன்றுமே இல்லை. படகுக்காரி நின்றாள், ஆடு மணியை ஆட்டியது, இவள் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கணவர் தாங்க முடியாமல், "திறந்து தொலையேன்" என்றார். "நீங்க சொன்னா திறந்துடுவேனா? இந்தத் தடவை நான் முன்னாடி போகவே மாட்டேன்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மகளைப் பார்க்க அவள் வெளியூர் கிளம்புவதாக இருந்தது. "அத்தை வீட்ல என்னோட மிக்ஸி இருக்கும்மா, வாங்கிட்டு வந்துடு" என்று மகள் சொல்லியிருந்தாள். பயிற்சி முடித்துக் காரைத் திருப்பும்போது சம்பந்தியம்மாவின் தெரு வந்தது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்தான், ஆனால் அவள் யார்? நேரே போய் அழைப்பு மணியை அழுத்தினாள்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தவர் பேயைப் பார்த்ததுபோல நின்றார். "வாங்க, வாங்க சம்பந்தி. ஒரு நிமிஷம், உள்ள கொஞ்சம்…" என்று வழியை மறித்தார். மறித்தால் நிற்கிற ஆளா இவள்? கூடத்துக்குள் வந்துவிட்டாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் கலங்கரை விளக்கு. கல் கதவு. கதவுக்கு வெளியே படகுக்காரி. பக்கத்தில் ஆடு. ஆட்டின் கழுத்தில் வெண்கல மணி.

அவள் மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மணி சும்மா கிடைக்காது. கதவுக்கு வந்து, உள்ளே போகாமல், நாள்கணக்காக மீன் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

"அஞ்சாவது தீவுன்னு சொன்னீங்களே சம்பந்தி!"

சம்பந்தியம்மா முந்தானையைத் திருகினார். "நீங்கதான் எனக்குப் பின்னாடி வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. எதுலயும் முதல்ல போற ஆளு நீங்க, உங்களுக்கு அதுல எவ்வளவு சந்தோஷம்னு எனக்குத் தெரியாதா? நான் முடிச்சுட்டேன்னா உங்க முகம் வாடிடும். அதான் நீங்க வந்து முடிக்கட்டும்னு நின்னுட்டேன்."

"ஐயோ சம்பந்தி! நானும் அதே கதவுலதான் நிக்கிறேன்! என் ஆட்டுக்கும் மணி கட்டியாச்சு! ஆடு விஷயத்துல உங்களுக்குக் கோபம் வந்துச்சே, இனிமே முந்தவே கூடாதுன்னு…"

"கோபமா? எனக்கா?" சம்பந்தியம்மா திகைத்தார். "நான் அழுதேன், சம்பந்தி. ஒரு ஆட்டுக்காக உக்காந்து அழுதேன். கடையில மாத்திரை எண்ணும்போதுகூட அழுகை வந்துச்சு. அந்தக் குரல்ல உங்ககிட்ட எப்படிப் பேசுறது? வெட்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. இருவரும் சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிக்ஸியை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

"சரி, இதுக்கு மேல என்னால முடியாது. திறக்கலாம்," என்றார் சம்பந்தியம்மா.

"உங்க ஆட்டம், நீங்களே திறங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கல் கதவு விலகியது. உள்ளே இருட்டில், கூரையைத் தொடும் உயரத்தில், உடம்பெல்லாம் அணைந்த விளக்குகளோடு ஒரு பூதம். சம்பந்தியம்மா பட்டன்களைப் படபடவென்று தட்டினார். கொல்லன் விழுந்தான். மூலிகைக்காரியிடம் கடைசி மருந்து. ஆடு கத்திக்கொண்டு ஓடியது. பூதத்தின் இடது கையில் ஒரு விளக்கு லேசாக மினுக்குவதை அவள் பார்த்துவிட்டாள். அந்தப் பக்கமிருந்துதான் அடி வரப்போகிறது. அவளுடைய வலது கால் சோபாவுக்குக் கீழே வெறும் தரையை ஓங்கி அழுத்தியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாது. இந்தத் தடவை சொல்லவே கூடாது.

சம்பந்தியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கத்தினார், அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில்:

"என்ன சும்மா உக்காந்திருக்கீங்க? மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னாடி வயித்தை உள்ள இழுங்கன்னு சொன்ன வாய் இப்ப எங்க போச்சு? சீக்கிரம் சொல்லுங்க சம்பந்தி, இடமா, வலமா?"

"இடது!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "இடது, சம்பந்தி, இடது! அடிங்க!"