கைப்பிடி இல்லாத சக்கர நாற்காலி

முதல் அறிகுறி ஒரு செருப்பு. நயா பைசா வந்த புதிது அது. ஆடி மாதச் சாரலில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, நானும் என் மனைவி கோமதியும் இலஞ்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். அந்தக் கால வழக்கப்படி நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். அவள் பின்தங்குவதாகத் தோன்றியதும், திரும்பிப் பார்க்காமலே "வேகமா வாட்டி" என்றேன். எங்களுக்குப் பின்னால் வந்த குதிரை வண்டிக்காரர்தான் சத்தம் கொடுத்தார்.

"ஏ அண்ணாச்சி, மதினி செருப்பு ஒண்ணு அங்கன ரோட்டுல கெடக்கு!"

கோமதி குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை. அது கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. அரை பர்லாங் (சுமார் நூறு மீட்டர்) தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறாள். "அருவி அடிச்ச அடியில கால் மரத்துப்போச்சு அத்தான்" என்று சிரித்தாள். அவள் என் மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் அவளுக்கு அத்தான்தான். நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்தில் இரண்டு கால்களும் துவண்டன. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முதுகெலும்புக் காசநோய் என்றார்கள். காசநோய் நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். எலும்பிலும் வரும். அங்கே சீழ் கட்டி, தண்டுவடத்தை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையை) அழுத்தும். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்கான ஊசி மருந்து) போட்டு, மாவுக்கட்டுப் படுக்கையில் (முதுகு அசையாமல் இருக்க உடம்பின் அளவுக்கு வார்த்த கெட்டித் தொட்டியில்) அவளைப் பதினான்கு மாதம் படுக்க வைத்தார்கள். அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படிப் படுத்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "நோய் நின்னுபோச்சு. உயிருக்குப் பயமில்லை. கால் திரும்புறதுக்கு மட்டும் நான் உறுதி சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலி ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்க. அதுக்கு முந்தி அவங்க எந்த வழியில போகணும்னு பாருங்க. வழியைப் பார்த்துத்தான் வண்டி."

அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். பாதியைத்தான் புரிந்துகொண்டேன் என்பது பின்னால் தெரிந்தது.

வழி எது என்பதில் கோமதிக்குச் சந்தேகமே இல்லை. வயலுக்குப் போகிற வழி. அவள் வடகரையில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். நான் தென்காசியில் கணக்கு வாத்தியார். எங்கள் வயலில் எது நாற்று, எது களை என்று அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். அவள் படுத்திருந்த காலத்தில் பக்கத்து வயல்காரர் பார்த்துக்கொண்டார். இப்போது நிரந்தரமாகவே குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனி மாசம் கார் நடவு. அதுக்குள்ள நான் தனியா வயலுக்குப் போயிட்டு வந்துட்டேன்னா நாமளே பயிர் வைப்போம். முடியலைன்னா குத்தகைக்கு விட்டுருங்க. அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றாள்.

"தனியா எதுக்குட்டி? நான் தள்ளிட்டுப் போக மாட்டேனா?"

"நீங்க பள்ளிக்கூடத்துல இருப்பிய. வாய்க்கால் தண்ணி உங்க பள்ளிக்கூட மணியப் பார்த்தா வருது?"

அப்போது தை மாதம். எனக்கு நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று நினைத்தேன்.

வீட்டிலிருந்து வயல் மூன்று பர்லாங். முதலில் சரளைத் தெரு. பிறகு மாட்டு வண்டித் தடம் ஆழமாகப் பதிந்த பாதை. வாய்க்கால் மேல் ஒரு கல்பாலம். அதைத் தாண்டி மண் கரை. ஆஸ்பத்திரியில் பார்த்த நாற்காலியை முதலிலேயே ஒதுக்கினேன். அதன் முன்சக்கரங்கள் வெற்றிலைப் பெட்டிக்கு உருளை வைத்தது போல அவ்வளவு சிறியவை. சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் முற்றத்துச் சாக்கடைப் பள்ளத்தையே தாண்டாது. தென்காசி கடைவீதியில் ஒருவர் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வைத்திருந்தார். தார் ரோட்டில் அது பறக்கும். ஆனால் நீளம் அதிகம். எங்கள் வீட்டு நடைக்குள் நுழையாது, கரையில் திரும்பாது. ஆகவே நாமே செய்வது என்று முடிவெடுத்தேன்.

இங்கேதான் என் குடும்பப் பெருமை குறுக்கே வந்தது. ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டுக்குச் சப்பரம் கட்டி எடுப்பது பரம்பரையாக எங்கள் வீட்டுப் பொறுப்பு. மேடு பள்ளத்தில் ஓர் உருவத்தைக் குலுங்காமல் கொண்டுபோவது எப்படி என்று எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? சப்பரம் செய்யும் சுப்பையா ஆசாரியை வரவழைத்தேன். சப்பரத்துக்கு முதலில் தூக்குகிறவர்களைத்தான் அளப்பார்கள். நானும் அப்படியே தள்ளப்போகிறவர்களை அளந்தேன். நான், என் தம்பி சங்கரன், அவன் மனைவி, பால்காரக் கோனார். நாலு பேர் முழங்கை உயரத்தையும் கூட்டி நாலால் வகுத்தேன். கிடைத்த உயரம் நாலு பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனாலும் சராசரி என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் நாற்காலி வந்தது. தேக்கு மரம். கைகளின் முனையில் சிங்க முகம். இரும்புப் பட்டை போட்ட சக்கரம். இலவம் பஞ்சு மெத்தை. கோமதி அதைப் பார்த்து, "இதுல உக்காந்தா பூசாரி வருவாரா?" என்று மட்டும் கேட்டாள். அவளை உட்கார வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் குலவையிட்டாள். "சுண்டல் எங்கடே?" என்று யாரோ கேட்டார்கள். கோமதியும் கையைத் தூக்கி எல்லோருக்கும் அருள் பாலித்தாள்.

வண்டித் தடம் தொடங்கியதும் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, ஏறவில்லை. நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி வயல்வரை கொண்டுபோனோம். அப்படியே தூக்கித் திரும்பக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவள் வீட்டுக்குள் வந்ததும் அழுதாள். நோய் என்று சொன்ன நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

"நாலு பேரை அளந்திய. பால்காரரை அளந்திய. என்னைய அளந்தியளா அத்தான்?"

அளக்கவில்லை. நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, கணக்கைப் போடுவதற்கு முன்னால் கேள்வியைப் படி என்பதைத்தான்.

மறுநாள் காலையில் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். நாங்கள் கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நாற்காலியின் அகலம், தொடையின் அகலத்தோடு பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி. அதற்கு மேல் அகன்றால் கை சக்கரத்துக்கு எட்டாது. ஆழம், முழங்காலின் பின்பக்கத்தில் நாலு விரல் விட்டு. தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டால், நடுவிரல் நுனி அச்சைத் தொட வேண்டும். இந்தக் கடைசி அளவுதான் உயிர்நாடி. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் சக்கரம் அவளுக்கு உயரமாக இருந்தது. சின்ன சைக்கிளின் சக்கரம் அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

அந்தச் சக்கரத்தைச் சொன்னது தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்த மைதீன் பாய். கடை மூடுகிற வெள்ளிக்கிழமைகளில் எங்கள் முற்றத்துக்கே வந்து வேலை செய்தார். தேக்கைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் குழாயில் சட்டம் செய்தார். காற்றடைத்த டயர்தான் வேண்டும், கெட்டி ரப்பர் கல்லில் குலுக்கி முதுகைக் கெடுக்கும் என்றார். முன்னால் இரண்டு சக்கரம் வைக்கலாம் என்று நான் சொன்னபோது கோமதி குறுக்கிட்டாள்.

"அடுப்புக்கு ஏன் மூணு கல்லு வைக்குதோம்? நாலு வச்சா ஒரு கல்லு தூக்கிட்டு நின்னு பானை ஆடும். மேடு பள்ளத்துல மூணுதான் பாய் நிக்கும்."

மைதீன் பாய் என்னைப் பார்த்தார். "சார், தங்கச்சிகிட்ட முதல்லயே கேட்ருக்கலாமே" என்றார். அப்படித்தான் குழந்தைகளின் வண்டியிலிருந்து எடுத்த ஒற்றைச் சக்கரம் முன்னால் வந்தது. கொஞ்சம் நீட்டி வைத்ததால் குழியில் மூக்கைக் குத்தவில்லை.

பின் அச்சை முன்னுக்குத் தள்ளினால் முன்சக்கரம் லேசாகும், கல்லில் முட்டாது என்று பாய் இரண்டு விரல் தள்ளி வைத்தார். கோமதி ஆசையாக ஓர் உந்து உந்தினாள். நாற்காலி மல்லாந்து வைக்கோல் மேல் விழுந்தது. பாயும் நானும் பதறி ஓடினோம். அவள் மல்லாந்தபடியே, "வானம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அச்சை ஒரு விரல் பின்னுக்கு நகர்த்தினோம். நீங்களும் பழகும்போது பின்னால் வைக்கோல் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே ஒரு ஆளும் நிற்கட்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப் புண் (ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுச் சதை அழுகுவது) வருவது தெரியாமலே வரும்.

கடைசி வெள்ளிக்கிழமை பாய் கேட்டார்.

"பின்னால கைப்பிடி எந்த உயரத்துல வைக்கட்டும் சார்?"

நான் சராசரி எழுதிய நோட்டை எடுத்தேன்.

"கைப்பிடியே வேண்டாம் பாய்" என்றாள் கோமதி. "கைப்பிடி இருந்தா போறவன் வாறவன் எல்லாம் தள்ளுவான். எங்கன போறேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். முன்னால ஒரு கயிறு கட்டிருங்க. வேணும்னா நானே எடுத்துக் குடுத்து இழுக்கச் சொல்லுதேன்."

கைப்பிடி இல்லை என்றால் நான் எதற்கு என்று தோன்றியது. இதைப் படிக்கிற கணவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அப்படித்தான் தோன்றும். தோன்றட்டும், அது தானாகப் போய்விடும்.

ஆனி பிறந்து நாலாம் நாள் நான் லீவு போட்டேன். மலைப் பக்கமிருந்து முதல் சாரல் தூவிக்கொண்டிருந்தது. பத்தடி பின்னால் வரலாம், தொடக்கூடாது என்பது உத்தரவு. மெத்தைத் துணியில் தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சரளை பரவாயில்லை. தடத்தில் ஒரு சக்கரத்தைப் பள்ளத்திலும் ஒன்றை மேட்டிலும் விட்டுச் சாய்ந்து சாய்ந்து போனாள்.

கல்பாலத்தில் நின்றுபோனாள். பாதையைவிடப் பாலம் நாலு விரல் உயரம். இரண்டு முறை முட்டினாள், முன்சக்கரம் ஏறவில்லை. ஈர மண்ணில் பின்சக்கரம் சறுக்கியது. பக்கத்து வயல்காரர் தூரத்தில் மண்வெட்டியை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கால் தானாக முன்னே வந்தது.

"கையக் கட்டுங்க அத்தான்."

வகுப்பில் தப்புச் செய்த பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நாற்காலியை அப்படியே திருப்பினாள். பெரிய சக்கரங்கள் பாலத்தின் பக்கம், முகம் என் பக்கம். முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு சக்கரங்களையும் பிடித்துப் பின்னோக்கி இழுத்தாள்.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நோய்க்கு முன்னால் நான் முன்னே போவேன், அவள் பின்னால் வருவாள். நோய்க்குப் பின்னால் அவளை முன்னே வைத்துத் தள்ளினேன், எனக்குத் தெரிந்தது அவள் தலை வகிடு மட்டும். வீட்டுக்கு வெளியே, வெளிச்சத்தில், ஒரு வேலையில் மும்முரமாக இருக்கிற அவள் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கீழுதட்டைக் கடித்திருந்தாள். சாரலும் வேர்வையும் சேர்ந்து குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. எவ்வளவு அழகாக இருந்தாள் என்று எழுத இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு சக்கரம் ஏறியது. மற்றதும் ஏறியது. கட்டியிருந்த என் கை என்னை அறியாமல் தட்டிவிட்டது.

வயலுக்குப் போனதும் அவள் செய்த முதல் காரியம் வைதது. "மடை இப்படி ஒழுகுதே, யாரும் பாக்கலையா?" என்று பக்கத்து வயல்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு என்னிடம் மெதுவாக, "குத்தகைக்கு இல்லைன்னு சொல்லிருங்க அத்தான்" என்றாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கனவே சிரித்துக்கொண்டே மடையை அடைக்கப் போய்விட்டார்.

அன்று மூன்று பர்லாங் போக ஒரு மணி நேரம் ஆனது. இந்த ஏழு வருஷத்தில் அது இருபது நிமிஷமாகிவிட்டது. கோமதியின் கால்கள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் வேறு ஆளுடையவை போல ஆகிவிட்டன, ரவிக்கை இரண்டு முறை பிரித்துத் தைத்தாகிவிட்டது. எனக்கும் ஒரு மாற்றம் உண்டு. நடக்கும்போது கைகளை எங்கே வைப்பது என்று இப்போதும் சில நாள் தெரிவதில்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் எனக்கு மூன்று காலடி. அந்தக் கணக்கில்தான் என் கால்கள் நடக்கின்றன, தனியாகப் போகும்போதும்.

அந்த முதல் நாள் திரும்பி வரும்போது பாதை இறக்கம். அவள் சக்கரத்தை விட்டுவிட்டுப் பறந்தாள். "மெதுவாட்டி!" என்று கத்திக்கொண்டு, சேற்றில் வேட்டியை மடித்துக் கட்டியபடி நான் பின்னால் ஓடினேன். எனக்கிருந்த சந்தோஷத்தில் எதில் மிதிக்கிறேன் என்றே தெரியவில்லை. தெரு முனையில் அவள் நாற்காலியைத் திருப்பி நிறுத்தினாள்.

"அத்தான், உங்க இடது செருப்பு அங்கனயே கெடக்கு. பாலத்துகிட்ட."

குனிந்து பார்த்தேன். இல்லைதான். எனக்குத் தெரியவே இல்லை. முன்னால் போனவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.