எர்த் பார்க்காத இன்னாசிராஜ்

இன்னாசிராஜைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேறு யாராவது கிடைத்தால் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார்புரத்தில் அவனுடைய கார் எலக்ட்ரிக் பட்டறைக்கு நேர் எதிரே பதினாறு வருஷமாக பேட்டரிக் கடை வைத்திருப்பவன் நான். அவனைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் அவன் மனைவி செல்வமேரி மட்டும்தான். அந்த அம்மாள் பொறுமைசாலி, வாயைத் திறக்க மாட்டார்.

1971இல் நான் பிடித்த கடை, அவன் கண் வைத்திருந்த கடை. அன்றோடு வெள்ளைச்சாமி என்கிற என் பெயர் அவன் வாயில் செத்துப்போனது. நான் அவனுக்கு 'தண்ணி பேட்டரிக்காரன்'. எந்தக் கோளாறோடு வண்டி வந்தாலும் சரி, பேட்டரியில் என் கடைச் சீட்டு ஒட்டியிருந்தால், "இதுலதாங்க வியாதி" என்பான். நானும் சும்மா இருக்கவில்லை. அவன் ஒயர் இழுத்த வண்டி என்னிடம் வந்தால், "யாருங்க இந்தச் சடை பின்னிவிட்டது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பேன்.

தொழில் தெரிந்தவன்தான். வயிறு எரிந்தாலும் அதை மறுக்க மாட்டேன். இரண்டு ஒயர் வைத்த ஒரு சின்ன பல்பு, அதுதான் அவனுடைய டெஸ்ட் லாம்ப். வேதக்காரர்கள் போட்டுக்கொள்கிற உத்தரியம் போல அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவான். எந்த வண்டியிலும் அவன் முதலில் பார்ப்பது எர்த். பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டுமே, அந்த வழிதான் எர்த். வண்டியின் இரும்பே அதற்குப் பாதை. "எர்த் பாக்காதவன் எலக்ட்ரீஷியன் இல்ல, எலி" என்று கைலாசபுரத்துப் பெரிய ஃபாக்டரி இன்ஜினியர்களுக்கே பாடம் நடத்துவான். அவ்வளவு திமிர்.

1979 ஆயுத பூஜை அன்று சேஷு சார் என் கடைக்கு வந்தார். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி, ஸ்கூலில் சரித்திரம் எடுப்பவர். மாமனார் கொடுத்த பழைய ஆஸ்டின் கார். அந்த ஊரில் கார் வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பேட்டரி எங்கே வாங்குவது என்று அவரைத்தான் கேட்பார்கள். வண்டிக்கு அடிவரை புதுப் பெயிண்ட் அடித்திருந்தார். நல்ல நாளில் புது பேட்டரி மாட்ட வேண்டும் என்றார்.

மாட்டினேன். இன்ஜினையும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டை இற்றுப்போயிருந்ததால் புதிதாக ஒன்று போட்டேன். பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும். ஆனால் என் அரம், உப்புத்தாள், ஸ்பேனர் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விஜயதசமி வரை தொடக் கூடாது. சேஷு சார் டிக்கியிலிருந்த ஸ்பேனரை வாங்கி, பெயிண்ட் மேலேயே பட்டையை முடுக்கினேன். அதற்கு முன்னால், நல்ல நாளாயிற்றே என்று அந்த இடத்தில் சந்தனத்தை வழித்து அப்பி ஒரு குங்குமமும் வைத்தேன். வண்டி உடனே கிளம்பிவிட்டது.

பத்து நாளில் ஆரம்பித்தது வினை. ஹார்ன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் முனகுகிறது. சேஷு சார் இன்னாசிராஜிடம் போனார். அவன் பானெட்டைத் திறந்தான், என் சீட்டைப் பார்த்தான், அவ்வளவுதான். "பேட்டரி செத்துப்போச்சு சார்! எதிர்க்கடைச் சரக்கு வேற எப்படி இருக்கும்?" என்று எனக்குக் கேட்கும்படி கத்தினான்.

பேட்டரியை நான் இரண்டு தடவை இறக்கிச் சோதித்தேன். நிறைய சார்ஜ் இருந்தது. அவன் இல்லை என்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமை சேஷு சாருக்கு. மூன்று வாரம் சித்திரை வீதியில் அந்த ஆஸ்டினை ஆட்கள் தள்ளினார்கள். கடைசியில் அவர் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை வரேன். ரெண்டு பேரும் நில்லுங்கோ. யார் மேல தப்போ, அவன்கிட்ட இனிமே ஸ்ரீரங்கத்து வண்டி ஒண்ணும் வராது."

ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான் இன்னாசிராஜ். நானும் போய் நின்றேன். சேஷு சார் டாஷ்போர்டிலிருந்த சோக் குமிழை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைத் திருகினார். அடுத்த நிமிஷம், "அய்யோ, சுடறதே!" என்று கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சோக் கேபிளிலிருந்து புகை வந்தது.

இன்னாசிராஜின் முகம் வெளுத்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பட்டை வழியாகப் போக வேண்டிய கரண்ட், வழி கிடைக்காமல், குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகிற அந்த மெல்லிய இரும்பு கேபிளில் ஓடியிருக்கிறது. வெள்ளைச் சட்டையோடு அவன் வண்டிக்கு அடியில் புகுந்தான். நானும் குனிந்தேன். போல்ட்டைக் கழற்றிக் கத்தியால் சுரண்டினான். காய்ந்த சந்தனம், சுண்ணாம்புக் காரை போலப் பெயர்ந்து வந்தது, குங்குமத்தோடு.

கத்தியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். என் கடை முடிந்தது என்று நினைத்தேன்.

"என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சேஷு சார்.

இன்னாசிராஜ் கத்தியைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்தான். "எர்த் சரியில்ல சார். பேட்டரி நல்லா இருக்கு."

"மூணு வாரமா அதைப் பாக்கலையா நீ? எர்த் பாக்காதவன் எலின்னு ஊருக்கெல்லாம் சொல்வியே!"

அவன் தலை குனிந்துகொண்டான். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்து வண்டிகள் அன்றோடு அவனை விட்டுப் போயின. பேட்டரிக்கு என்னிடம் வந்தன.

ஒரு வாரம் தூக்கம் வராமல், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் பட்டறைக்குள் போனேன்.

"ஏன்யா சொல்லல?"

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சந்தனம் வச்சது உன் தப்பு. உன் சீட்டைப் பாத்துட்டு எர்த்தைப் பாக்காம விட்டது என் தப்பு. என் தப்புக்கு உன்னையத் துணைக்குக் கூப்பிடுற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல. போ வெளிய."

காட்டிக்கொடுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை. அவனை முன்பு வெறுத்ததைவிட இப்போது அதிகமாக வெறுக்கிறேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் எதிரே அவன் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். நான் வைத்து முடிக்கும் வரை கைகட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறான்.