மரியாதைக்குச் சொன்ன பொய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். நூலின் பருமனைக் காட்டும் கவுண்ட் சரியாக இருக்கிறதா, இழுத்தால் எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்து எழுதும் டெஸ்டிங் பிரிவு. எங்கள் குடும்பத்திலேயே வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் திமிரை அடக்கவே வந்த மாதிரி ஒரு வயிற்று வலி. மில் பஸ் வரும் நேரமானால் போதும், வயிற்றைப் பிடித்து முறுக்கும். மூன்று முறை, நான்கு முறை கழிப்பறைக்கு ஓடுவேன். அதற்குள் பஸ் போய்விடும். ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றும் இல்லாததற்கா இந்தப் பாடு? லீவு ஏறிக்கொண்டே போனது. இப்படியே போனால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மேலாளர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் இந்த மாதிரி வயிற்றுக் கோளாறுக்கு ஹிப்னாடிசத்தால் வைத்தியம் பார்க்கிறார் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். போக ஆசை, ஆனால் பயம்.

"மயக்கத்துல எதையாவது உளறிட்டா?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"உளறேன்ட்டி. ஒன் மனசுல என்ன கெடக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்" என்று சிரித்தபடி கூட்டிப் போனார்.

டாக்டருக்கும் என் வயதுதான் இருக்கும். இது மயக்கமும் இல்லை, மந்திரமும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "வெளிநாட்டுல இந்த வியாதிக்காரங்களுக்கு இதைச் செஞ்சு சோதிச்சுப் பார்த்திருக்காங்கம்மா. பல பேருக்குக் குறைஞ்சிருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு எப்படின்னு நானும் பார்க்கணும். எல்லாருக்கும் கேட்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். கண்ணை மூடிச் சாய்ந்து, கையை வயிற்றில் வைத்து, அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல அங்கே ஒரு இளஞ்சூடு பரவுவதாக நினைக்க வேண்டும். அவ்வளவுதான். தினமும் வீட்டிலும் அதைச் செய்ய வேண்டும். வலி எவ்வளவு, எத்தனை முறை ஓடினேன் என்பதை ஒரு நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை காட்ட வேண்டும்.

மூன்றாவது வாரமும் வலி குறைந்தபாடில்லை. ஆனால் அத்தனை பொறுமையாகப் பேசும் மனுஷனிடம் அதை எந்த வாயால் சொல்வது? நம் பக்கத்தில் டாக்டர் கேட்டால், "பரவாயில்ல சார், நல்லாருக்கு" என்பதுதானே மரியாதை! பஸ்ஸில் போகும்போதே நோட்டில் எண்களைக் குறைத்து எழுதிவிட்டேன். அதைப் பார்த்ததும் டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெளியே காத்திருந்த தளவாய்புரத்து அக்கா ஒருவரிடம், "இவங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கு" என்று சொல்லியும்விட்டார்.

அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசமாவாம்மா? எனக்கும் நின்னுரும்லா?"

என் தலை அது பாட்டுக்கு ஆடியது.

மறுநாள் மில்லில் கவுண்ட் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. ஒரு நூலுக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவள், ஒரு மனுஷிக்கு எழுதிவிட்டேனே! ஷிப்ட் முடிந்ததும் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

"சார், நான் எழுதுனது பொய். வலி அப்படியேதான் இருக்கு."

டாக்டர் முகம் வாடிப்போனது. "அப்போ மத்தவங்க எழுதினது?" என்று கேட்டார்.

எனக்குள் இருந்த டெஸ்டிங்காரி எழுந்துகொண்டாள். "எங்க மில்லுல நூல் ஓட்டுறவுகளே அதை டெஸ்ட் பண்ண மாட்டாக சார். எங்க கைக்கு வரும்போது யாரு ஓட்டுனதுன்னே தெரியாது, நம்பர் மட்டுந்தான் இருக்கும். நீங்களே வைத்தியமும் பாத்து நீங்களே கேட்டா, ஒங்க மொகத்தைப் பாத்து யாரு சார் இல்லைன்னு சொல்லுவா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த வாரமே கிளினிக்கில் நோட்டுகளைப் போட ஒரு பெட்டி வந்துவிட்டது. நோட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். அவற்றைப் பிரித்துப் படிப்பது வேறொரு டாக்டர்.

நான் வைத்தியத்தை விடவில்லை. மூன்றாவது மாதத்தில்தான் வலி நிஜமாகவே குறைந்தது. அடியோடு போகவில்லை, ஆனால் மில் பஸ்ஸைத் தவறவிடுவது நின்றது. வேலையும் தங்கியது. தளவாய்புரத்து அக்காவுக்கோ துளியும் கேட்கவில்லை. நான் தலையாட்டியதை நம்பி டாக்டரிடம் "நல்லாருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், பெட்டியில் போட்ட நோட்டில்தான் உள்ளதை எழுதியிருந்தார். அதைப் படித்த அந்த வேறு டாக்டர், எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்து மறுபடி பரிசோதிக்க அனுப்பியதில், அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து தேறி வந்தார்.

பின்னர் மதுரையில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் இந்த வைத்தியத்தின் முடிவுகளை எங்கள் டாக்டர் வாசித்தார். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று இரண்டையும் சொன்னாராம். "இந்தப் பெட்டி முறையைச் சொல்லிக் கொடுத்தது ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருத்தர்னு சொன்னேம்மா" என்று அவர் சொன்னபோது என் கால் தரையில் பாவவில்லை.

வலி குறைந்ததற்கு அந்த டாக்டருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் "வலி அப்படியேதான் இருக்கு" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனே, அந்தப் பெருமை மட்டும் நானே சம்பாதித்தது.