குரக்கனோடு வந்த பூ

சண்டிலிப்பாயில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வேலிக்கு அப்பால் ஒரு குரக்கன் தோட்டம்; கேழ்வரகுதான். கணவனை இழந்த ஓர் அக்கா அதைத் தனியாகச் செய்கிறார். நானும் தனி ஆள்தான். சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவேன். வேலிக்கு மேலால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

சிந்திய விதையில் என் பக்கமும் கொஞ்சம் குரக்கன் முளைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் அந்தப் பூவைக் கண்டேன். சாண் உயரச் செடி, மூக்குத்திக் கல்லளவு பூ, நல்ல சிவப்பு. சுடுமல்லி என்று பிறகுதான் அறிந்தேன். கிண்டியெடுத்துப் பூச்சாடியில் நட்டேன். அடுத்த நாள் கருகிக் கறுத்துப் போயிற்று. இன்னொன்றைக் கிண்டியபோதுதான் கவனித்தேன்: அதன் வேர் குரக்கன் வேரைக் கவ்விக்கொண்டிருந்தது. இலை பச்சையாக இருந்தாலும், தண்ணீரும் சத்தும் குரக்கனிடமிருந்துதான். மூன்றாவதைக் குரக்கனோடு சேர்த்து, மண் உதிராமல், பழைய பெயின்ற் வாளியில் வைத்தேன். அது நின்றது.

குரக்கன் மட்டும் வெளிறத் தொடங்கியது. அதற்குச் சாணி உரம் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பூவுக்கு நேரடியாகச் செய்ய எதுவுமே இல்லை என்பது எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஒருநாள் அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"உதை ஏன் வாளியிலை வைச்சிருக்கிறீர்?"

"பூ வடிவாயிருக்கு அக்கா."

"வடிவோ? உது நிண்ட இடத்திலை பயிர் உருப்படாது. காய் வெடிச்சால் தூள் மாதிரி விதை. காத்திலை என்ரை தோட்டம் முழுக்கப் போயிடும். பிடுங்கி எரிச்சுப்போடும்."

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. அந்தத் தோட்டம்தானே அவருக்குச் சோறு.

"காய் முத்த முதலே வெட்டிப்போடுறன். அதுவரைக்கும் நிக்கட்டும் அக்கா."

"உம்மை நம்பேலாது. நான் வந்து பாப்பன்."

சொன்னபடியே வந்தார். பொழுதுபட நான் வீடு திரும்பியதும் படலையைத் திறந்துகொண்டு வந்து, வாளியருகே குந்தி, ஒவ்வொரு காயாக விரலால் தடவிப் பார்ப்பார். முதலில் என்னோடு கதைப்பதேயில்லை. பிறகு ஒருநாள், "நீ பூவை வளக்கிறியோ, குரக்கனை வளக்கிறியோ?" என்று கேட்டுச் சிரித்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதன்பிறகு வாளியைப் பார்க்க எடுத்த நேரத்தைவிடத் தேத்தண்ணிக்கு எடுத்த நேரம் கூடிவிட்டது. கனடாவில் இருக்கும் மகளைப் பற்றியும் வெங்காயத்தில் விழுந்த நோயைப் பற்றியும் கதைப்பார்.

காய்கள் பழுப்பாகப் போகுமுன் செடியைக் குரக்கனோடு சேர்த்து வெட்டினேன். அவரே நெருப்பு மூட்டினார். எரிந்து முடிந்ததும் சாம்பலை ஒரு தடியால் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்க ஒன்றுமில்லையே, இனி இவர் ஏன் வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் பொழுதுபடப் படலைச் சத்தம் கேட்டது. வெறும் வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி வைச்சிட்டியே?" என்றார்.

அடுத்த விதைப்புக் காலத்தில் ஒரு பிடி குரக்கன் விதையோடு வந்து, நான் கேளாமலே வாளி மண்ணில் தூவினார்.

"என்னத்துக்கு அக்கா?"

"மண்ணுக்குள்ளை பழைய விதை கிடக்கும். உதுக்குச் சாப்பாடு வேண்டாமே?"

வேலிக்கு அந்தப் பக்கம் அதே செடியைக் கண்ட இடத்தில் பிடுங்கி எறிபவர் அவர். இந்தப் பக்கம் வந்து இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

குரக்கன் முழங்காலளவு வளர்ந்திருந்த ஒரு நாள், கடையில் சனம் நிறைந்த நேரத்தில் போன் அடித்தது. அக்காதான்.

"பிள்ளை, ஒண்டு பூத்திட்டுது. வெயில் போக முதல் வா."

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் ஓட்டோ பிடித்தேன்.