இளவரசியின் கடைசிக் கட்டம்

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்ஸில் என் பெரிய அண்ணன் பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமூச்சு விடுகிறார். "எங்க காலத்துல பேப்பர்ல தினமும் படக்கதை வரும் சார். அதைப் படிக்காம நான் பல்லே விளக்க மாட்டேன். இப்ப எங்க அதெல்லாம்!"

முன் சீட்டில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் படக்கதைக்குப் பின்பக்கம் சினிமா விளம்பரம் வரும். விடிந்ததும் இந்த மனுஷன் பிளேடு எடுத்து நடிகை படத்தை நறுக்கிக்கொள்வார். இந்தப் பக்கம் என் கதையில் ஓட்டை விழும்.

மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தக் கதை ஒன்றைத்தான்.

கதை முடிந்த அன்றும் அவர் விடவில்லை. கயிறு அறுந்து இளவரசி முதலைக் குளத்தில் விழுகிறாள். கடைசிக் கட்டத்தைக் காணோம்.

திரும்பிக் கேட்டேன். "அண்ணா, அந்த இளவரசி என்ன ஆனா?"

"எந்த இளவரசி?"

"முதலைக் குளத்துல விழுந்தவ."

காவிரிப் பாலம் முழுக்க யோசித்தார். "தப்பிச்சிருப்பாம்மா. இன்னுமா அதை நினைச்சுக்கிட்டிருக்க?"

தப்பித்திருப்பாளாம்!

"சரி, பின்பக்கம் இருந்த நடிகை யாரு?"

யோசிக்கவே இல்லை. பெயர், படம், ஓடிய தியேட்டர் எல்லாம் சொன்னார்.

அந்தக் கதையை ஓட்டையில்லாத பேப்பரில் படித்த புண்ணியவான்கள் யாராவது இருந்தால், முடிவைக் கீழே எழுதுங்கள். "பாவம் அண்ணன், விடுங்கம்மா" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.